ஐம்பத்தொன்பது டிகிரி

கஸானில் ஏறும்போது மைனஸ் இருபத்தேழு.
பினாங்கில் இறங்கும்போது முப்பத்திரண்டு.
இடையிலிருந்த ஐம்பத்தொன்பது டிகிரியையும்
நாலு பேரும் கையில் சுமந்து வந்தோம்,
கழற்றிய கோட்டுகளாக.

சூலியா தெரு விடுதியறையில்
ஒரே ஓர் ஆணி.
நாலு கோட்டும் அதில் ஏறிக்கொண்டன.
மின்விசிறி திரும்பும்போதெல்லாம்
தூக்கம் வராத கரடிபோல் அசைந்தன.
ஜெர்லின் அதற்குக் குட்நைட் சொல்லிவிட்டுத்தான்
படுப்பாள்.

அய்கூல் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.
வோல்காக் கரைக்காரி.
ஜனவரியில் ஆற்றின்மேல் நடந்தே
அத்தை வீட்டுக்குப் போய்வருகிறவள்.
பட்டர்வொர்த் படகில் கம்பியைப் பிடித்தபடி
"இது எந்த மாதம் உறையும்?" என்று கேட்டாள்.
நாங்கள் சிரித்ததை
மறுநாள்தான் மன்னித்தாள்,
அதுவும் இரண்டாவது செண்டோலுக்குப் பிறகு.

நுஸ்ரத் காயல்பட்டினம்.
வாப்பாவின் வாப்பா இங்கே கடை வைத்திருந்தாராம்.
எந்தத் தெரு, என்ன கடை, ஒன்றும் தெரியாது.
அந்த உறவைச் சொல்லி
ஒவ்வொரு நாசி கண்டார் கடையிலும்
விலை குறைக்கக் கேட்டாள்.
ஒரே ஒரு கடையில் பலித்தது.
அரை முட்டை.

மார்க்கெட் தெருவில் ஒரு தோடு பார்த்தேன்.
"எட்டு வெள்ளி" என்றார் கடைக்காரர்.
"வெள்ளி வேண்டாண்ணே, கவரிங் போதும்."
அவர் சிரிக்காமல் விளக்கினார்:
காசுக்குப் பெயரே இங்கே அதுதான்.
சரி. இங்கே நான் செலவழிப்பது வெள்ளி.
கோவில்பட்டி வங்கியில் என் படிப்புக்காகத் தூங்குவது
அம்மாவின் தங்கம்.
மேற்கொண்டு கணக்கு வளராமல்
அடுத்த கடைக்குள் நுழைந்தேன்.

வீட்டில் சொல்லியிருந்தது
லீவிலும் லேப் இருக்கிறது என்று.
ஆறு மாதம் பருப்பும் முட்டைக்கோசுமாகத் தின்று
மிச்சம் பிடித்த காசில்தான் டிக்கெட்.
மிச்சம் பிடித்தாலும்
அவர்கள் காசு.
கைக்கடிகாரத்தைக் கஸான் நேரத்திலேயே விட்டிருந்தேன்,
பொய் பிசகாமலிருக்க.

ஆயர் ஈத்தாம் சந்தையோரம்,
தகரக் கூரைக்குக் கீழே
எனக்கு முன்னால் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்,
சிவப்புப் பாகு வழியும் சின்ன மலை.
அம்மா கூப்பிட்டாள்.
"அங்க பனி கொட்டுதா பிள்ள?"
"கொட்டுதும்மா."
கரண்டியால் சிகரத்தைச் சரித்தேன்.
முழுப் பொய் இல்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் மழை.
தூறல், சாரல் என்கிற முன்னுரையெல்லாம் இல்லை.
எடுத்த எடுப்பில்
தகரம் முழுக்க அடி.

"என்னட்டி அது சத்தம்?"
"பனிதாம்மா."
போனில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.
அப்புறம்:
"பனிக்குச் சத்தமே கெடையாதுன்னு
நீதான சொன்ன, மொத வருசம்."

சொன்னேன்தான்.
மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
போனை நீட்டிப் பிடித்தேன், விரல் மரத்துப்போக.
சத்தமில்லாததை அவளும் ரொம்ப நேரம்
கேட்டுக்கொண்டிருந்துவிட்டு
"நல்லாருக்கு" என்றாள்.

ஜெர்லினும் நுஸ்ரத்தும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.
தமிழ் தெரியாத அய்கூலும் நிறுத்தினாள்.
பக்கத்து மேசை மனிதர்
வேறு நேரமே கிடைக்காததுபோல்
"அண்ணே, தே ஓ ஒண்ணு!" என்று கத்தினார்.

"கூட யாரும் இருக்காகளா?"
"மூணு பேரும் இருக்காங்கம்மா."
"சரி."
வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.
"தலைய நல்லாத் துவட்டு.
பனி ஒனக்கு ஆகாது."

கிண்ணத்தில் மலை போய்
இளஞ்சிவப்புத் தண்ணீர் கிடந்தது.
கேட்காமலே அய்கூல் எடுத்துக் குடித்தாள்.

இரவு, கோட்டுகளுக்கு அடியில் உட்கார்ந்து
கடிகாரத்தை ஐந்து மணி நேரம்
முன்னே தள்ளினேன்.
"நாளைக்கழிச்சு ஃபிளைட்டு,
மறுபடி பின்னால தள்ளணும்" என்றாள் ஜெர்லின்.
தெரியும் என்றேன்.